ரத்தக்குழாய்க்கு 72 வயதா?

கேள்வி: எனக்கு 46 வயது. திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கணக்கு வேலை. மாதத்தில் பாதி நாள் நைட் ஷிஃப்ட். எங்கள் தெருவில் நடந்த மருத்துவ முகாமில் இரண்டு கை, இரண்டு கால் நான்கிலும் பட்டை கட்டி ஒரு மெஷினில் பார்த்தார்கள். ‘ரத்தக்குழாய் வயது 58’ என்று சீட்டு வந்தது. அதே முகாமில் ரத்தப் பரிசோதனை முடிவைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த இன்னொருவர் ‘72’ என்றார். மொத்தக் கொலஸ்ட்ரால் 212, எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 190, வெறும் வயிற்றில் சுகர் 108, பிரஷர் 148/92. மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. தினம் எட்டு சிகரெட். நைட்டில் தூக்கம் வராமலிருக்க மாவா புகையிலை. அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்தார். எனக்கு நெஞ்சுவலி இல்லை. மெட்ரோ படி ஏறினால் மூச்சு வாங்கும், அது சிகரெட்டால்தான். ‘ஆஞ்சியோ எடுத்துவிடுங்கள், முகாமுக்கு வந்தவர்களுக்குச் சலுகை உண்டு’ என்கிறார்கள். இரண்டில் எந்த எண் உண்மை? 43 வயதாகும் மனைவிக்கும் பார்க்க வேண்டுமா, டாக்டர்?
(பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை)

பதில்: எண்களுக்குப் போகும் முன் ஒன்று. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதிவிட்டு, அதற்குக் காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். சிகரெட்டாக இருக்கலாம். இதயத் தசைக்கு ரத்தம் பற்றாமல் போவதாலும் இருக்கலாம். உழைக்கும்போது மட்டும் வந்து, நின்றதும் இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும் மூச்சுத்திணறல் சிலருக்கு நெஞ்சுவலியின் இடத்தில் வரும். தாடையிலோ இடது தோளிலோ மேல்வயிற்றிலோ அழுத்திப் பிடிப்பதும் அப்படித்தான். நம் பக்கம் அதற்கு ‘கேஸ்’ என்று பெயர் வைத்து ஒரு சோடாவோடு முடித்துவிடுவார்கள்.

ஆறு மாதத்துக்கு முன் எத்தனை படியில் மூச்சு வாங்கியது, இப்போது எத்தனை படியில் என்று யோசித்துப் பாருங்கள். குறைந்துகொண்டே வந்திருந்தால் இந்த வாரமே போக வேண்டும். இல்லாவிட்டாலும் இந்த மாதம் தாண்டக் கூடாது. உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான். காலையில் போய் ஓ.பி. சீட்டு போட்டு, இந்த மூச்சு விஷயத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். முகாம் சீட்டை நீட்டி ஆரம்பித்தால் பேச்சு எண்ணிலேயே சுற்றும். இ.சி.ஜி., எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே, ஹீமோகுளோபின் ஆகியவற்றில் தொடங்குவார்கள். படுக்கவைத்து எடுத்த இ.சி.ஜி. நார்மல் என்றதும் கிளம்பிவிடாதீர்கள். உழைப்பில் மட்டும் வரும் குறை ஓய்வில் எடுத்த இ.சி.ஜி.யில் தெரியாமல் போகலாம். நடக்கவைத்து இ.சி.ஜி. எடுக்கும் டிரெட்மில் சோதனை வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சில் பாரம், குளிர்ந்த வியர்வை, மயக்கம் வந்தால் பைக்கை எடுக்காமல் 108-ஐ அழையுங்கள். 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், 72 சொன்ன அந்தக் கணக்கு அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்காகப் போடப்பட்டது. மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், நடந்தால் நெஞ்சு பிடிப்பவர் அதில் தன் எண்ணைப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. உங்கள் மூச்சுத்திணறலுக்கு இதயம் காரணமில்லை என்று தெரிந்த பிறகுதான் கீழே வருவதெல்லாம் உங்களுக்கு முழுசாகப் பொருந்தும்.

இனி 72. அது எப்படி வந்தது என்பதை உங்கள் எண்களை வைத்தே கையால் போட்டுக் காட்டலாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்காம் என்று ஓர் ஊர். 1948-இல் அங்கே 5,209 பேரைச் சேர்த்து, யாருக்கு எப்போது இதய நோய் வருகிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். பிறகு அவர்களுடைய பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து 2008-இல் ஒரு புள்ளி அட்டவணை வந்தது. ஆண்களுக்கான அட்டவணையில் 45 முதல் 49 வயதுக்கு 6 புள்ளி. மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்கும் 239-க்கும் நடுவில் இருந்தால் 2. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 35 முதல் 44 வரை என்றால் 1. மாத்திரை இல்லாமல் மேல் பிரஷர் 140 முதல் 159 வரை என்றால் 2. புகைப்பவருக்கு 4. சர்க்கரை நோய் இருந்தால் 3. உங்களுக்கு அது பூஜ்யம். கூட்டினால் 15. பதினைந்து புள்ளிக்கு எதிரே அட்டவணையில் இருக்கும் வயது 72.

அதாவது, உங்களுக்கு இப்போது இருக்கும் ஆபத்து, புகைக்காத, சர்க்கரை இல்லாத, பிரஷரும் கொலஸ்ட்ராலும் சரியாக இருக்கும் ஒரு 72 வயதுக்காரரின் ஆபத்துக்குச் சமம். அவ்வளவுதான் அதன் பொருள். உங்கள் குழாயை யாரும் திறந்து பார்த்து அது கிழடு தட்டிவிட்டது என்று சொல்லவில்லை. ஆயுள் இவ்வளவுதான் என்றும் சொல்லவில்லை. அதே 15 புள்ளிக்கு இன்னொரு நிரல் உண்டு: அடுத்த பத்து ஆண்டில் ஆபத்து 21.6 சதவீதம். உங்கள் எண்களோடு 100 பேர் இருந்தால், ஏறத்தாழ 22 பேருக்குப் பத்து ஆண்டுக்குள் மாரடைப்பு, நெஞ்சுவலி நோய், பக்கவாதம், இதயச் செயலிழப்பு, கால் ரத்தக்குழாய் அடைப்பு இவற்றில் ஏதோ ஒன்று வரும். 78 பேருக்கு வராது. இத்தனை நோய்களையும் ஒன்றாக எண்ணுவதால்தான் இந்தச் சதவீதம் பெரிதாக நிற்கிறது. மாரடைப்பை மட்டும் எண்ணும் வேறு கணக்கில் போட்டால் சிறிய எண் வரும். அதைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

சதவீதம் இருக்கும்போது வயது எதற்கு என்று கேட்கலாம். 33 வயதுப் பையன் ஒருவன், புகைக்கிறான், கொலஸ்ட்ரால் 170, எச்.டி.எல். 42, பிரஷர் 124. அவனுக்கு 6 புள்ளி, 4.7 சதவீதம். ‘நூறில் ஐந்துகூட இல்லையா’ என்று சிரித்துவிட்டுப் போவான். அதே 6 புள்ளிக்கு ரத்தக்குழாய் வயது 42. ஒன்பது வருடம் கூட என்றால் கொஞ்சம் நின்று கேட்பான். சின்ன வயதில் சதவீதம் எப்போதும் சிறிதாகத்தான் இருக்கும், வயதுதான் அதில் பெரிய புள்ளி. அந்தப் போலி நிம்மதியை உடைக்க ரத்தக்குழாய் வயது உதவும். உங்களைப் போல் ஏற்கெனவே 20 சதவீதத்தைத் தாண்டியவருக்கு அது பயமுறுத்துவதைத் தவிரப் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை; உங்களுக்குச் சதவீதமே போதும்.

இந்தக் கணக்கின் ஓட்டைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். புள்ளிகள் படிக்கட்டு மாதிரி, சரிவுப் பாதை மாதிரி இல்லை. பிரஷர் 139 என்றால் 1 புள்ளி, 140 என்றால் 2. உங்கள் கணக்கில் அந்த ஒரே புள்ளி 68-ஐ 72 ஆக்கிவிடும். மேல் வரிசைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு வயது என்பதால் இந்தத் துள்ளல். அடுத்து, அது கேட்காத கேள்விகள். அப்பா 55 வயதுக்குள், அல்லது அம்மா 65 வயதுக்குள் மாரடைப்பில் விழுந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல். உங்கள் அப்பாவின் 52 அதில் எங்கேயும் ஏறவில்லை. மாவா ஏறவில்லை. இடுப்புச் சுற்றளவு ஏறவில்லை (நம்மவர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 எல்லை). மூன்றாவது, ஃபிரேமிங்காமில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்றவர்களுக்கு 59 வாக்கில். ஆகவே 72 மிகை என்று தள்ளிவிட உங்களிடம் காரணம் ஏதும் இல்லை. மருத்துவரிடம் போகும்போது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தெற்காசியாவுக்கென்று தனியாக வெளியிட்ட வண்ண அட்டவணையில் பார்த்துச் சொல்லக் கேளுங்கள்.

58 வேறு கதை. நான்கு பட்டை கட்டும் மெஷின் உங்கள் கொலஸ்ட்ராலையோ சிகரெட்டையோ அறியாது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்திலிருந்து ஓர் அழுத்த அலை கிளம்பும். அது கைக்கு எப்போது வந்தது, கணுக்காலுக்கு எப்போது வந்தது என்ற நேர வித்தியாசத்தை அளந்து வேகத்தைக் கணக்கிடும். காசிமேட்டில் படகு கட்டியிருக்கும் கயிற்றைச் சுண்டிப் பாருங்கள். தொய்வாக இருந்தால் அலை அசைந்து போகும், இழுத்து விறைத்திருந்தால் சட்டென்று மறுமுனையில் தெரியும். ரத்தக்குழாய்ச் சுவரும் விறைக்க விறைக்க அலை வேகமாக ஓடும். சீட்டில் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றோ சென்டிமீட்டர் என்றோ ஓர் எண் இருக்கும். 14 மீட்டரும் 1,400 சென்டிமீட்டரும் ஒன்றே. கை-கணுக்கால் அளவில் 14-க்குக் கீழ் நல்லது, 18-ஐத் தாண்டினால் விறைப்பு அதிகம் என்பது பொதுவான எல்லை. கழுத்துக்கும் தொடைக்கும் நடுவே அளக்கும் வேறொரு முறைக்கு எல்லை 10. ஒன்றின் எல்லையை இன்னொன்றோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்த வேகத்தை வயதாக மாற்றுவதுதான் பலவீனமான இடம். எந்த வயதுக்கு எவ்வளவு வேகம் சராசரி என்று மெஷினுக்குள் ஒரு பட்டியல் இருக்கும். பெரும்பாலும் அது வேறு நாட்டு மக்களிடம் எடுத்தது. அளவும் அன்றைய நிலையைப் பொறுத்து ஆடும். பிரஷர் ஏறியிருந்தால் அலை வேகமும் ஏறும். அளப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் சாப்பாடு, டீ, சிகரெட் கூடாது. பத்து நிமிடம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். முகாம் வரிசையில் யார் அதைப் பார்க்கிறார்கள்? அலை ஓடும் நீளத்தை இந்த மெஷின் டேப் வைத்து அளப்பதில்லை, உங்கள் உயரத்தைக் கொண்டு ஊகிக்கிறது. உயரத்தைத் தப்பாகப் போட்டால் வயதும் தப்பு. நாடி தாறுமாறாகத் துடிப்பவர்களுக்கு அளவே செல்லாது.

அந்தச் சீட்டில் வயதைவிடப் பயனுள்ள எண் ஒன்று இருக்கும். கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால் வகுத்தது. வலது, இடது என்று இரண்டாக இருக்கும். 1.0-க்கும் 1.4-க்கும் இடையில் இருந்தால் சரி. 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அந்தக் காலின் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். அப்போது அலை வேகம் பொய்யாகக் குறைந்து காட்டும், குழாய் இளமையாக இருக்கிறது என்று மெஷின் தவறாகப் பாராட்டும். உங்கள் சீட்டில் அதைத் தேடிப் பாருங்கள்.

ஆக, 72 உங்கள் ஆபத்தைக் கூட்டிச் சொன்ன கணக்கு. 58 அன்றைய விறைப்பின் அளவு. எடையையும் உயரத்தையும் வைத்துக்கொண்டு எது உண்மை என்று கேட்பதுபோல்தான் உங்கள் கேள்வி. இரண்டுமே உங்கள் இதயத்தில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. விறைப்பு குழாய்ச் சுவரின் நடு அடுக்கில் வரும் மாற்றம். அடைப்பு உள் அடுக்கில் கொழுப்பு சேர்வது. காரணங்கள் பாதி பொதுவானவை, வியாதி வேறு.

எனவே ரத்தக்குழாய் வயதைக் காரணம் காட்டி ஆஞ்சியோ எடுக்கக் கூடாது. கையிலோ தொடையிலோ குழாய் விட்டு, மருந்து செலுத்திப் பார்க்கும் சோதனை அது. சிறுநீரகத்துக்குச் சுமை உண்டு, அரிதாக ரத்தக்குழாய்க்கே காயம் படும். அறிகுறி இருந்து, டிரெட்மில் போன்ற சோதனையில் சந்தேகம் வந்து, இதய மருத்துவர் சொன்னால் தயங்காமல் எடுங்கள். சலுகை முடிகிற தேதிக்குள் எடுக்க வேண்டிய சோதனை என்று மருத்துவத்தில் எதுவும் கிடையாது. கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று மருத்துவருக்கே இரு மனமாக இருந்தால், மருந்து செலுத்தாமல் எடுக்கும் சி.டி.யில் இதயக் குழாய்களின் கால்சியம் அளவைப் பார்ப்பது உதவும். பூஜ்யம் என்றால் நிம்மதி, 100-க்கு மேல் என்றால் மாத்திரை கட்டாயம் என்கிற மாதிரி. உங்கள் புள்ளியில் அந்த இருமனமே வராது என்பது என் கணிப்பு.

இப்போது 15-ஐ எப்படி இறக்குவது என்று பார்ப்போம்.

பெரிய கல் சிகரெட். நான்கு புள்ளி. அதை மட்டும் எடுத்தால் 15 பதினொன்றாகும், 72 ஐம்பத்தேழாகும், 21.6 சதவீதம் 11.2 ஆகும். பாதி. எந்த மாத்திரையும் தனியாக இதைச் செய்யாது. ஆனால் கணக்கு ஒரே நாளில் இறக்கிக் காட்டுவதை உடம்பு ஓராண்டில்தான் செய்யும். நிறுத்தி ஓராண்டு ஆனால் சிகரெட்டால் வந்த கூடுதல் இதய ஆபத்து சுமார் பாதியாகும். அதுவரை கணக்கில் ‘புகைப்பவர்’ என்றே போடுங்கள். குறைத்துக்கொண்டேன், ஒன்று மட்டும்தான் என்ற ஏற்பாடு இதயத்திடம் செல்லாது. நாளுக்கு ஒரே சிகரெட் பிடிப்பவரும், இருபது பிடிப்பவரின் கூடுதல் இதய ஆபத்தில் கிட்டத்தட்ட பாதியைச் சுமக்கிறார். ஆகவே எட்டை நாலாக்கி, நாலை இரண்டாக்கி இழுக்காமல் ஒரு தேதி குறித்து முழுசாக நிறுத்துங்கள். பகல் ஷிஃப்ட் தொடங்கும் வாரமாகப் பாருங்கள். நைட்டில் நிறுத்த முயன்றால் முதல் மூன்று நாளைத் தாண்டுவது கடினம்.

நிகோடின் சூயிங்கம் மெடிக்கலில் கிடைக்கும். எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் என்றால் 4 மில்லிகிராம், அதற்குப் பிறகு என்றால் 2 மில்லிகிராம். இதைச் சாதாரண பபிள்கம் போல் மென்றால் நிகோடின் எல்லாம் வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும் வரும்; பலர் இரண்டாம் நாளே தூக்கிப் போடுவது இதனால்தான். காரம் நாக்கில் ஏறும் வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். ஒன்று அரை மணி வரும். டீ குடித்த கால் மணிக்குள் போடாதீர்கள், ஏறாது. மாவா போட்டு வாய் முழுசாகத் திறக்க முடியாமலோ உள்ளே எரிச்சலாகவோ இருந்தால் சூயிங்கம் வேண்டாம். தோலில் ஒட்டும் பட்டை உண்டு, வாயையும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத்திணறல் இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டே இவற்றைத் தொடங்குங்கள். 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண்ணில் புகையிலையை விட ஆலோசனை தருகிறார்கள்.

மாவாவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிகரெட்டை விட்டவர்கள் அதில் போய் விழுவார்கள். சீவலில் புகையிலையும் சுண்ணாம்பும் கசக்கிப் போட்டது. புகை இல்லையே என்று இதயம் அதை மன்னிப்பதில்லை. அதே இன்டர்ஹார்ட் ஆய்வில் புகையிலை மட்டும் மெல்பவர்களுக்கும் மாரடைப்பு ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. கணக்கு கேட்கவில்லை என்பதற்காக அதை உங்கள் புள்ளிக்கு வெளியே வைக்காதீர்கள்.

அடுத்தது பிரஷர். அதற்கு முதல் வேலை, சரியாக அளப்பது. 148 நிஜமான 148-தானா என்று எனக்கு உறுதியில்லை. நின்று வரிசையில் வந்து, உட்கார்ந்ததும் பட்டை கட்டி, கை தொங்க, பக்கத்தில் பேசிக்கொண்டே எடுத்திருந்தால் பத்துப் பதினைந்து கூடுதலாக வருவது சாதாரணம். வீட்டில் மேல்கையில் கட்டும் மெஷின் ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். வாங்கும் முன் மேல்கையின் நடுச் சுற்றளவை டேப்பால் அளந்து, பெட்டியில் போட்டிருக்கும் பட்டை அளவோடு பாருங்கள். சாதாரணப் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்கு. பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும்.

அளப்பதற்கு முந்தைய அரை மணியில் டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, சாய்மானம் உள்ள நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கால் இரண்டும் தரையில், கால்மேல் கால் கூடாது. கையை மேஜையில் நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள். பத்து சென்டிமீட்டர் கீழே இறங்கினால் பிரஷர் எட்டு வரை ஏறிக் காட்டும். சட்டைக்கு மேல் கட்டாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை எடுத்து எழுதுங்கள். முதல் நாள் இரண்டு கையிலும் பார்த்து, எதில் அதிகமோ அந்தக் கையையே பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் 15-க்கு மேல் வித்தியாசம் நின்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எழுந்ததும் ஒரு வேளை, படுக்கும் முன் ஒரு வேளை, ஏழு நாள். நைட் ஷிஃப்டில் ‘எழுந்ததும்’ என்பது மாலை நான்கு மணியாகவும் இருக்கலாம், கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதி ஆறு நாளுக்குச் சராசரி போடுங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் ரத்த அழுத்தம் இருக்கிறது. மருத்துவமனை அளவுக்கு 140/90. மெஷின் வாங்க வழியில்லை என்றால் மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறு வேறு நாட்களில் பார்த்துக்கொள்ளலாம்.

உப்பு. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன், அதற்குள். கிராம் கணக்கு யாருக்கும் கைவராது, பாக்கெட் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாலு பேர் என்றால் ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். மாதம் ஒரு கிலோ தீர்ந்தால் ஒவ்வொருவரும் 8 கிராமுக்கு மேல் போகிறீர்கள். டீக்கடை வடை, பிரியாணி, பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ எல்லாம் அதற்கு மேல். கருவாடு நம் பக்கத்துச் சொத்து, விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. அரை மணி தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி இன்னொரு முறை அலசிவிட்டு, அன்றைக்குக் குழம்பில் உப்பே போடாமல் செய்யுங்கள். கூட அப்பளமும் ஊறுகாயும் வேண்டாம். மாதம் ஒன்றிரண்டு முறை போதும். கல் உப்பு, இந்துப்பு என்று மாற்றுவதில் பிரஷருக்கு லாபமில்லை, அவையும் சோடியம்தான். பொட்டாசியம் கலந்த உப்பு பிரஷரைக் குறைக்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனாலப்ரில் வகை பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

நடை வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். மூச்சு விஷயம் தெளிவாகும் வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலை ஓரம் லாரி வரிசைக்குப் பக்கத்தில் நடப்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது. நுண்தூசியும் ரத்தக்குழாயின் எதிரிதான். ராபின்சன் பூங்கா மாதிரி உள்ளே தள்ளி இருக்கும் இடம், அதுவும் லாரி நெரிசல் தொடங்கும் முன்.

மாத்திரை பற்றி ஒரு குழப்பம் வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். உப்பும் எடையும் குறைத்து மாத்திரை இல்லாமலே பிரஷர் 128-க்கு வந்தால், அட்டவணையில் பூஜ்யம். மாத்திரை எடுத்து அதே 128-க்கு வந்தால் 2 புள்ளி. உங்கள் இன்றைய 148-க்கும் அதே 2 தான்! அப்படியென்றால் மாத்திரையால் என்ன பயன் என்று தோன்றும். அட்டவணை மருந்தைச் சோதித்து எழுதியதில்லை. ஊரில் இருந்தவர்களைப் பார்த்து எழுதியது. மாத்திரை எடுத்தவர்கள் பல ஆண்டு உயர் அழுத்தத்தில் இருந்தவர்கள். அந்தப் பழைய சேதத்தைத்தான் கூடுதல் புள்ளி எண்ணுகிறது. பிரஷர் மாத்திரை பக்கவாதத்தையும் மாரடைப்பையும் குறைக்கிறது என்பது தனியாக நிரூபணமான விஷயம். புள்ளி இறங்கவில்லை என்று யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதைவிட அதிகம் பார்ப்பது மறுபக்கத் தவறு: ‘நார்மல் ஆகிவிட்டது’ என்று நிறுத்துவது. அது நார்மலாக இருப்பதே மாத்திரையால். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்தால் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். நைட் ஷிஃப்ட்காரருக்கு அது சௌகரியம்.

கொலஸ்ட்ராலில் உங்கள் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) கணக்குப்படி 136 வருகிறது. தனியாகப் பார்த்தால் பயமுறுத்தும் எண் இல்லை. ஆனால் 20 சதவீத ஆபத்தும் அப்பாவின் வரலாறும் சேர்ந்தால் பெரும்பாலும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையைத் தொடங்கச் சொல்வார்கள். எனக்கும் அதுவே சரி. மொத்தம் 175-க்கு வந்தால் இன்னொரு புள்ளி குறையும்: சிகரெட்டும் போய் இதுவும் நடந்தால் 10 புள்ளி, 54 வயது, 9.4 சதவீதம். பிரஷரும் மாத்திரையில்லாமல் 120-களுக்கு வந்தால் 8 புள்ளி, 48. ‘ரத்தம் இளக’ என்று மெடிக்கலில் கேட்டு ஆஸ்பிரின் வாங்கிப் போடாதீர்கள். மாரடைப்பு வராதவருக்கு அதன் பலனும் வயிற்று ரத்தக்கசிவும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு காய்ச்சி அடைப்பைக் கரைப்பதாகச் சுற்றும் செய்முறை ரசத்துக்கு ஆகும்.

சுகர் 108-ஐ அட்டவணை பூஜ்யம் என்று விட்டுவிட்டது, நீங்கள் விடாதீர்கள். 100 முதல் 125 வரை சர்க்கரையின் வாசல். 126-ஐத் தொட்டு, மறு சோதனையிலும் உறுதியானால் ஒரேயடியாக 3 புள்ளி. இன்றைய 15-உடன் 18, அங்கே அட்டவணை வயதையே சொல்லாமல் ‘80-க்கு மேல்’ என்று முடித்துக்கொள்கிறது. மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. ஒரு முறை பாருங்கள். கூடவே சிறுநீரகத்துக்காகக் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின். மறு கணக்கு ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். அதே லேபில் எடுத்து, வீட்டுப் பிரஷர் சராசரியையும் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள். நான்கு பட்டை மெஷினில் மறுபடி போய்ப் படுக்க அவசியமில்லை.

மனைவிக்குப் பார்க்கலாம், 40 தாண்டியாயிற்று. பெண்களுக்கு அட்டவணையே வேறு, உங்கள் புள்ளிகளை அவருக்குப் போடாதீர்கள். சர்க்கரை நோய்க்கு ஆணுக்கு 3 என்றால் பெண்ணுக்கு 4. நீங்கள் வீட்டுக்குள் பிடிக்கும் சிகரெட் அவர் கணக்கில் ஏறாது, உடம்பில் ஏறும். இன்னொன்றையும் அந்தக் கம்ப்யூட்டர் கேட்காது: கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறி, கால் வீங்கி, சிறுநீரில் புரதம் போனதா, அப்போது சுகர் வந்ததா என்று. அப்படிப் பிரஷர் ஏறியிருந்தவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிரசவ காலத்து அட்டை பீரோவில் எங்காவது கிடந்தால், பரிசோதனைக்குப் போகும் அன்று அதையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.